காலியிடம் ஒன்று

புதுவயல் அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல்
இரவெல்லாம் உள்ளே வந்து
கணினித் திரையில் உட்கார்ந்திருக்கும்.
அதைத் துடைத்துவிட்டுத்தான்
அலுவலகத்தைத் தொடங்குகிறேன்,
உறுப்பினர் இல்லாத இந்தப் பன்னிரண்டு நாளும்.

பல்லவனில் போனார் அடைக்கலம்.
விடியுமுன் காரைக்குடியில் ஏறி
பக்கத்து இருக்கைக்காரரிடம்
"இன்னைக்கு ஆட்சி கவுந்துரும்" என்று சொல்லி
அரியலூர் தாண்டியதும்
சன்னலில் தலை சாய்த்தவர்.
விருத்தாசலத்தில்
காப்பி விற்கிறவன் தோளைத் தொட்டிருக்கிறான்.

மாலைச் செய்தியில் அட்டவணை வந்தது.
மொத்தம் இருநூற்று முப்பத்து நான்கு.
ஆளுந்தரப்பு நூற்றுப் பதினேழு,
அதிலொருவர் சபாநாயகர்.
எதிர்க்கட்சி, சில்லறைக் கட்சிகள், மூன்று சுயேச்சைகள்
எல்லாம் கூட்டி நூற்றுப் பதினாறு.
கடைசிக் கட்டத்தில், சின்ன எழுத்தில்
காலியிடம் ஒன்று.

காலியிடமாம்.
அவர் உட்கார்ந்து உடைத்த இரண்டு நாற்காலிகள்
இன்னும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன.

வாக்கெடுப்பைக் கைப்பேசியில் பார்த்தேன்.
இந்தப் பக்கம் எழுந்தவர்கள் நூற்றுப் பதினாறு.
அந்தப் பக்கமும் நூற்றுப் பதினாறு.
சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டிக்கொண்டு
தன் ஒரு வாக்கைப் போட்டார்.
ஆட்சி நின்றுவிட்டது.
ஐந்து விளக்குப் பக்கம் சரவெடி வெடித்த அதே ஆட்கள்
மறுநாள் பெரிய மாலையோடு வந்தார்கள்.
இவரால்தானே பிழைத்தார்கள், வராமல் இருப்பார்களா.

மூன்று வருசம் அந்தச் சபையில் எழுந்து நின்று
தேனாற்றுக்கு ஒரு பாலம் கேட்டார்.
அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு லேடி டாக்டர் கேட்டார்.
இந்தச் சாம்பலுக்கு ஒரு வழி கேட்டார்.
எல்லாவற்றுக்கும்
"அரசின் பரிசீலனையில் உள்ளது."
ஒரு விஷயம் மட்டும் உடனே நடந்தது:
பெரும்பான்மைக்கு வேண்டிய எண்
நூற்றுப் பதினெட்டிலிருந்து ஒன்று இறங்கியது.
அதற்கு அவர் மனு எதுவும் கொடுக்கவில்லை.

வாடகைக்கு வந்த முத்துக்கருப்பன் செட்டியார்
நாளிதழை மடித்து மேசையில் வைத்தார்.
"எங்க கோயில் கணக்குல
புருசன் பொண்டாட்டி சேந்தா ஒரு புள்ளி.
ஒருத்தர் போயிட்டா அரைப்புள்ளி.
ஒங்க சபையில அரையாவது
எழுதிவச்சிருக்கலாமே சலேத்து."
பிறகு அவரே,
"இந்த மாச வாடகையும் அரையாத் தந்துராதீங்க."

இன்று மத்தியானம் பீர்க்கலைக்காட்டிலிருந்து
பஞ்சவர்ணம் வந்தாள்,
மகளின் மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி.
காலேஜ் விடுதியில் இடமில்லையாம்.
எம்.எல்.ஏ. கடிதம் இருந்தால் இருக்குமாம்.
"தெரியும்மா, அவுக தவறிட்டாக.
சாவுக்கு நானும் வந்தேன்.
இருந்தாலும்
ஆபீசு தெறந்திருக்கேன்னு கேக்குறேன்."

கீழ் இழுப்பறையில்
கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுத்தாள்கள் ஏழு.
"அவசரத்துக்கு வச்சுக்க,
யாரையும் திருப்பி அனுப்பாத"
என்று மூட்டுவலியோடு குனிந்து
அவர் வைத்துவிட்டுப் போனவை.
வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து
முத்திரையைக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள்.
இதை யாரும் கேட்கவில்லை.
அட்டவணையில் காலி.
இங்கே, ஏழு தாள் மட்டும்
இன்னும் பதவியில் இருக்கிறார்.

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை.
கதவைச் சாத்தினேன்.
மின்விசிறி நிறுத்தி
தாளைப் பிரிண்டரில் நேராக வைத்தேன்,
எழுத்து அவர் கையெழுத்தில் ஏறிவிடாமல்.

பஞ்சவர்ணம் கேட்டாள்:
"என்னைக்குன்னு போடுவீக?"

ஒன்பதாம் தேதி.
அன்று சாயங்காலம் இந்த நாற்காலியில்
பயணச்சீட்டை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார்.
ரயிலுக்கு எலுமிச்சைச் சாதம் வேண்டாம்,
தயிர்ச்சாதம் போதும் என்று
வீட்டுக்குப் போன் பேசினார்.
பெரும்பான்மைக்கு அன்று
நூற்றுப் பதினெட்டு வேண்டியிருந்தது.