தராசின் முதுகு

பேச்சுவார்த்தை நாலு மணிக்கு என்று குறித்தவர் முதலாளி.
புதுக்கடையில் நாலே ஐம்பதுக்குத் தேங்காப்பட்டணம் பஸ்,
விட்டால் ஆறேகால்.
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்
பூட்டிய வாசலில் நிற்கிற நேரம்.
அவருக்கு அவசரமே இல்லை.
சாயா வரவழைத்தார்.

அவருக்குக் கைவைத்த நாற்காலி.
எதிரே அண்டி ஆபீசின் நீள பெஞ்சில் ஐந்து பெண்கள்,
சாம்பல் பூசியும் கறுத்துப்போன விரல்களை
மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு.
மூலையில் நான், நோட்டோடு.

கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டார்கள்.
மறுக்கிற ஆள் இல்லை அவர்.
லில்லிபாயின் மகளுக்கு நர்சிங் முடிந்ததா என்றார்.
யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று
என்னிடம் கேட்டார்,
அவர்களுக்குக் கேட்கும்படி.
பிறகு சன்னலைப் பார்த்து,
அடுத்த லோடை நேரே ஆந்திராவுக்கு விடலாமென்று
ஒரு யோசனை,
யோசனைதான், என்றார்.
அந்தத் 'தான்'
ஐந்து மடியிலும் விழுந்ததைப் பார்த்தேன்.

நாலரை.
ஞானசீலி வாய் திறந்தாள்.
"கூலி இருக்கட்டும் சாரே.
அந்தத் தராசக் கொஞ்சம் திருப்பி வச்சாப் போதும்.
நம்பரு எங்க பக்கம் பாக்கட்டு."

முதலாளி சிரித்தார்.
ரூபாய் கேட்டு வந்தவர்கள்
ஒரு திருப்பலோடு போகிறார்கள்.
ஒன்றுமில்லையே என்பதுபோல
என்னைப் பார்த்தார்.

பதினோரு வருடம் அந்தச் சிவப்பு எண்ணை வாசித்தவன் நான்.
தூசுக்கு இருநூறு, ஈரத்துக்கு இருநூறு.
பத்துக் கிலோ நானூறைப் பத்து என்று
தொண்டை கமறாமல் சொல்லப் பழகியவன்.
நஷ்டம் வரக்கூடாது என்று மட்டும்
முதல்நாள் சொன்னார்.
எப்படி என்று கேட்டதே இல்லை.
கேட்காமலிருப்பதுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.
ஆகவே அவருக்குத் தெரியாது,
அந்த நானூறு
இவர்கள் கேட்ட ரூபாயைவிடப் பெரிதென்று.

ஞானசீலி என் பக்கம் திரும்பவில்லை.
பதினேழு வருடம் சுமந்த இடுப்புக்குத்
தெரியாத எடையா?

இருமல் வந்தது. விழுங்கினேன்.
"ஒண்ணுமில்ல சார்."

துணிச்சலா, சோம்பலா,
கிறிஸ்மஸ் போனசில் அவர் பிடித்த மூவாயிரமா,
பருப்பை விட்டு உரியாத தோலாக
இன்னும் ஒட்டிக் கிடக்கிறது.

எழுதினேன்: கூலி உயர்வு இல்லை.
தராசு திருப்பி வைக்கப்படும்.
கையெழுத்துப் போட்டார்.
மழையில் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.
ஐந்து டம்ளரிலும் சாயா ஆடை கட்டியிருந்தது.

சனிக்கிழமை கூலிப் புத்தகத்தைப் புரட்டி
"கூடுதலா இருக்கே?" என்றார்.
"நல்ல லோடு சார். பருப்பு கனம்."
பொய்க்குப் பழகிய வாய்தானே,
திசை மட்டும் புதிது.

இப்போது தராசின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.
முத்திரை குத்திய தகரம்,
ஒரு வயர், சில நாள் ஒரு பல்லி.
எண் எனக்குத் தெரியாது.
"எவ்வளவு?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.
வட்டியை வைத்துவிட்டு
ஒவ்வொருத்தியும் குனிந்து, பார்த்து,
கொஞ்சம் நின்று,
அப்புறம்தான் சொல்கிறாள்.

அந்தக் கொஞ்சத்தை
வாரத்துக்கு வாரம்
நீட்டிக்கொண்டே போகிறார்கள்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
காத்திருக்கிறேன்.