தூரத்துச் சொந்தம்

மூன்றாம் வாரம் நான் செத்துப்போனேன்.
கலத்தின் சமையற்காரன், பெயர் இளவழுதி.
பிராணவாயு கசிந்து, கையில் கரண்டியோடு.

ஒளிபரப்பு புதன் இரவு, சந்தை வியாழன் காலை.
இரண்டுமே கோள்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.
செந்தூலில் மீன் விற்கும் பேச்சியம்மா
கூடுதலாக ஒரு கெம்போங் போட்டாள்.
"பாவம்ப்பா, நல்ல மனுசன்."

ஐந்தாம் வாரம் வந்தேன்
பச்சைத் தோலும் மூன்று மூக்குத் துளையுமாக,
சனியின் வளையத்தில் உப்பு விற்பவன்.
பேச்சியம்மாவுக்கு யாரென்று தெரியவில்லை.
அந்த வாரம் மீன் சரியான எடை.

புது ஆள் என்றால் புது அச்சு.
தலைக்கு எண்ணூறு வெள்ளி.
தயாரிப்பாளர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார்.
நான் திரும்பத் திரும்பப் பிறந்தது
வினைப்பயனால் அல்ல.
ஏழு பிறப்புக்கும் ஒரே சம்பளச் சீட்டு,
ஒரே கையெழுத்து: பரஞ்சோதி.

செகாம்புட்டில், பழைய டயர் கிடங்கில் எங்கள் அண்டம்.
கறுப்புத் துணியில் தீபாவளி பல்பு.
கொமுட்டர் ரயில் கடந்தால் நட்சத்திரங்கள் ஆடும்.
தகரக் கூரையில் மழை இறங்கினால்
விண்வெளியை நிறுத்திவிட்டு
எல்லோரும் மைலோ குடிப்போம்,
எதிரிகளும்தான், ஸ்ட்ரா வைத்து.

ஒன்பதில் நீதிபதி.
உப்பு விற்றவனுக்குப் பதினைந்து ஆண்டு கொடுத்தேன்.
கூண்டில் அவன் இல்லை,
குச்சியில் குத்திய டென்னிஸ் பந்து இருந்தது.
பந்தைப் பார்த்துத் தீர்ப்பு வாசித்தேன்.
மறுநாள் பச்சை பூசிக்கொண்டு
அதே பந்தை நீதிபதியாக நினைத்து அழுதேன்.
பந்து இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் நடித்தது.

பதினொன்றில் வசனமில்லாத காவலாளி.
பன்னிரண்டில் என்னவாக இருந்தேன் என்று மறந்துவிட்டது.
கொம்பு இருந்தது.

பதினான்கு: கலத்தைப் பிடித்த படைத்தலைவன்.
இறந்தவர்களின் பட்டியலை வாசிக்க வேண்டும்,
துணி கணக்கு வாசிப்பதுபோல.
ஆறாவது பெயர் இளவழுதி, சமையல்.
தொண்டையில் என்னவோ நின்றது.
"கட்! எதிரிக்கு எதுக்குய்யா தொண்டை அடைக்குது?"
இரண்டாம் முறை சுத்தமாக வாசித்தேன்.
ஒளிபரப்பில் வந்தது முதலாவது.
எடிட்டர் பையனிடம் கேட்டேன்,
கோப்பு மாறிப்போச்சு அண்ணே என்றான்.

வியாழன் காலை பேச்சியம்மா
செதிலைச் சுரண்டுவதை நிறுத்தி,
"அந்தப் படைத்தலைவன்
நம்ம சமையக்காரனுக்குச் சொந்தமோ?" என்றாள்.
ஆமாம், தூரத்துச் சொந்தம் என்றேன்.
இரண்டு கெம்போங்.

அடுத்த பருவம் இல்லை.
எங்கள் நேரத்தில் இப்போது ஒருத்தி கேக் செய்கிறாள்.
கிடங்கைக் காலி செய்த அன்று
ஒப்பனைக்காரி காக் சல்மா
அலமாரியிலிருந்து என் தலையை இறக்கினாள்.
பிளாஸ்டர். கண் மூடியிருந்தது.
காது மடலில் போகாத பச்சை,
நெற்றியில் கொம்பு ஒட்டிய பசை,
தாடையில் நீதிபதியின் தாடி மயிர் நான்கு.
"எடுத்துக்கோ. இல்லேன்னா குப்பைக்குத்தான்."

மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்தேன்.
ஜாலான் ஈப்போவில் பள்ளம் அதிகம்,
மனைவியின் ஹெல்மெட்டை அதற்கு மாட்டினேன்.
சிவப்பு விளக்கில் உணவுப் பெட்டியோடு நின்ற பையன்
அதைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
மறுபடி அதைப் பார்த்தான்.
பச்சை விழுந்தும் போகவில்லை.

இப்போது குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது.
மனைவி அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பாள்,
நான் திருப்பிவிடுவேன்.
உதடு கொஞ்சம் பிரிந்திருக்கும்.
முதல் நாள்,
மூக்கில் இரண்டு ஸ்ட்ரா செருகி
முகம் முழுக்க நீலக் களியை அப்பும்போது
சல்மா பேசாதே என்றாள்.
நான் 'சரி' என்று சொல்ல வந்தேன்.

அந்த 'ச'
இன்னும் அங்கேயே இருக்கிறது.