ஒன்பதாவது ஆளின் கரண்டி

நீருக்கடியில் பாடும் ஸ்பீக்கர்
சித்திரையில் செத்துப்போனது.
ரிப்பேருக்குச் சென்னை போன பெட்டி திரும்பவில்லை.
அதனால்தான் நான்:
ஏணியின் மூன்றாம் படியில், கழுத்தளவு,
கையில் கேன்டீன் குழம்புக் கரண்டி,
கைப்பிடிக் குழாயில் எட்டு வரை தட்டுகிறவள்.

மண்டல உயர்திறன் பயிற்சி மையம், கிருஷ்ணகிரி.
பலகையில் பெயின்ட்டில் எட்டுப் பெயர்.
என் பெயர் பலகை முடிந்தபின் சுவரில்,
சாக்பீஸில்.

ஐந்து மணிக்கு பெங்களூர் ரோட்டில்
லாரிகள் கியர் மாற்றும்.
தண்ணீர் லாரி வராத வாரம் குளம் ஓரடி இறங்கும்;
தலைகீழாய் நிற்பவளின் கொண்டை
டைல்ஸைத் தொட்டுவிடும்.
கொண்டை கலையாது.
ஜெலட்டின் எலும்பிலிருந்து எடுப்பது என்று
ஷிஃபானா ஒருநாள் சொல்லிவிட்டாள்.
அன்று முதல் அவள் வீட்டில்
நோன்புக்கு வாங்கி மிஞ்சிய கடல்பாசியைக் காய்ச்சி
எல்லோர் தலையிலும் பூசுகிறோம்.
எறும்பு வரும். பரவாயில்லை.

கால்களுக்கு முட்டை அடிக்கும் வேலை.
நீருக்கு மேலே
கல்லாவில் உட்கார்ந்தவர் மாதிரி தோள்,
நீருக்குக் கீழே
பந்தி நேரத்துச் சமையற்கட்டு.

முதல் மாதம் முழுக்க எண்ணிக்கையில் சண்டை.
ஓசூர் ஹாரிகா தெலுங்கில் எண்ணுவாள்,
தேன்கனிக்கோட்டை சந்தனா கன்னடத்தில்,
மற்றவர்கள் தமிழில்.
பதினாறு கால்கள்
மூன்று மொழியில் மேலே வந்தன.
பிறகு எப்படியோ பிடிபட்டது:
ஹாரிகாவுக்கு மூன்று என்றால் மூடு.
சரி, மூன்றாம் தட்டில்
விரித்த காலை மூடு.
சந்தனாவுக்கு ஏழு என்றால் ஏளு,
எழுந்திரு என்றாலும் அதுவேதான்.
ஏழாம் தட்டில் எழு.
எஸ்தர் மிஸ்ஸின் திட்ட நோட்டில் இது கிடையாது.

மாதேஸ்வரி மட்டும் சிரிக்க மாட்டாள்.
பென்னாகரம் பக்கம்.
போர் தண்ணீர் குடித்து முளைத்த பற்கள்,
டம்ளரில் டீ காய்ந்த மாதிரி
வரி வரியாய்.
இரண்டு நிமிடம் மூச்சைப் பிடிப்பாள்,
நாள் முழுக்க உதட்டை.

நேற்று தேர்வுக்குழு வந்தது.
மூன்று நாற்காலி, ஒரு குடை.
உயரம் நன்று. ஒத்திசைவு நன்று.
முகபாவம் என்ற கட்டத்தில்
மாதேஸ்வரிக்கு நேரே ஒரு கோடு.
சிரிக்கச் சொல்லுங்கள்,
இல்லாவிட்டால் அந்த ஒன்பதாவதை இறக்குங்கள்.

ஒன்பதாவது நான்.
என் பல் வெள்ளை.
எங்கள் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய்
நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது,
அவ்வளவுதான்.
ராத்திரி ஹாஸ்டல் கண்ணாடி முன்
சிரித்துப் பார்த்தேன்.
இல்லை என்று சொல்ல மாட்டேன்.
இரண்டு முறை.

இன்று காலை
முழுகித் தட்டினேன்.
எட்டுப் பேரும் தலைகீழ்.
மேலே கால்கள்; நாற்காலிகளுக்கு அவை போதும்.
கீழே,
மூக்குக் கிளிப்புக்கு அடியில்,
மாதேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள்.
வாய் கொள்ளாமல்,
கடைவாய் வரை தெரிய,
எனக்காக இல்லை,
அவள் கண்ணை மூடியிருந்தாள்.

மூடு.
நாலு, ஐந்து, ஆறு.
ஏளு.

நீர்மட்டத்தை உடைக்கும்போது
உதடு சேர்ந்திருந்தது.

எட்டைத் தட்ட மறந்துபோனேன்.
நான் இல்லாமலே
எட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள் எல்லோரும்.

மிஸ் விசில் ஊதினார்.
யார் பிந்தியது?

கரண்டியை
உயர்த்திக் காட்டினேன்.