பத்தொன்பது மில்லிமீற்றர்

குருமண்வெளியில் பாதை ஏறினோம்.
ஒரு பெட்டி கையுறை, இரண்டு டோர்ச்,
நானூறு படிவம்,
வாயை அளக்க ஒரு வேணியர்.
"மீன் அளக்கிற சாமானா?" என்றார் பாதைக்காரர்.
டொக்டர் யதுகௌரி சிரிக்காமல் சொன்னார்:
"கிட்டத்தட்ட."

மண்டூரில், பலநோக்கு மண்டபம்.
வெட்டு முடிந்த வாரம்;
எல்லோர் பிடரியிலும் இன்னும் நெற்சுணை.
பாதிப்பேர் வாய் கொப்பளித்து வந்திருந்தார்கள்,
கோயிலுக்குக் கால் கழுவுவதுபோல.
மீதிப்பேர் வட்டாவை நீட்டினார்கள்.
வீடு தேடி வந்த ஆளுக்கு
வெற்றிலை வைக்காமல் எப்படிப் பேச்செடுப்பது?
அந்த வட்டாவைப் பற்றித்தான்
நாங்கள் பேச வந்திருந்தோம்.

முறை எளியது.
முழுக்கத் திறந்த வாய்க்குள்
மூன்று விரலை நிமிர்த்தி வைக்க வேண்டும்.
உங்கள் வாய்க்கு உங்கள் விரல்,
என்னுடையதல்ல.
பாடநூலில் அது ஒரு வரிதான்.
அதற்குமேல் நீதியான ஒரு வரியை
நான் அந்த நூலில் படித்ததில்லை.

இலக்கம் நூற்று நாற்பத்தேழு,
அருமைத்துரை, வயது ஐம்பத்திரண்டு,
நெல்மூட்டை ஏற்றுகிற வேலை.
விரலை வையுங்கள் என்றேன்.
வலக்கையை விரித்துக் காட்டினார்:
பெருவிரல். சுண்டுவிரல்.
இடையில் ஒன்றுமில்லை.
"எண்பத்தேழு" என்றார்,
ஆண்டை மட்டும்.
இடக்கையால் வைக்கலாமே என்றேன்.
"அந்தக் கையையா? வாய்க்குள்ளயா, புள்ள?"
வரிசை முழுக்கச் சிரித்தது.
நான் குனிந்து எழுதினேன்:
மூவிரற் சோதனை, பொருந்தாது.

வேணியர் சொன்னது பத்தொன்பது.
கன்னத்தின் உட்புறம் வெளிறி,
தொட்ட இடமெல்லாம் கயிறு.
"உறைப்புப் பட்டா நெருப்பு.
அஞ்சு வருசமா என்ட பொண்சாதி
எனக்கு வேற சட்டியில ஆக்கிறா."
புகையிலை?
"அத விட்டுப் பத்து வருசம் கா."
பாக்கு?
"பாக்கு என்ன செய்யும்?"
டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.
அன்று மாலைக்குள் அதே கேள்வியை
நாற்பத்தொரு பேர் கேட்டிருந்தார்கள்.
புகையிலை தொடாத நாற்பத்தொரு வாய்,
எல்லாம் இறுகத் தொடங்கியவை.
எங்கள் முடிவுரை
அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

மட்டக்களப்பில் ஆய்வரங்கு.
குளிரூட்டிய மண்டபம், பன்னிரண்டாவது படம்,
திறப்பின் சராசரி முப்பத்துமூன்று தசம் ஆறு.
சுருக்கத்துக்கு இருநூற்றைம்பது சொல்.
வேறு சட்டி அதில் ஏறவில்லை.
விரல்கள் ஏறவில்லை.
கைதட்டினார்கள், தேநீர் குடித்தோம்.
வாசலில் ஒரு வட்டா இருந்தது,
விருந்தினர்க்கு.

முடிவைக் கொண்டுவந்து சொல்வோம் என்று
படிவத்தில் எழுதியிருந்தோம்.
ஆகவே திரும்பப் போனேன், தனியாக.
அருமைத்துரை கேட்டார்:
"என்ட பத்தொன்பத
ஆரு முப்பத்திமூண்டாக்கின?"
எல்லோரையும் கூட்டிப் பிரித்தது என்றேன்.
யோசித்தார்.
"அப்ப, மத்த ஆக்கள்ட வாயால
நானும் கொஞ்சம் திறந்திருக்கன்."
சிரிப்பு பத்தொன்பதுக்குள் அடங்காமல்
மூக்கால் வந்தது.

சதைத்துண்டு எடுத்துப் பார்த்ததில்
புற்று இன்னும் இல்லை.
'இன்னும்' என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை.
அவர் அதை மட்டும் கேட்டார்.

பயிற்சிக்கு ஐஸ்பழக் குச்சிகள் கொடுத்தேன்.
பல்லிடையில் ஒன்பதை அடுக்கிப் பிடிப்பது,
வலித்தால் நிறுத்துவது,
வாய் விட்டுக்கொடுத்தால் ஒன்று கூட்டுவது.
மாரி வந்தது. வாவி பெருகி
பாதை நாலு நாள் ஓடவில்லை.

தை மாதம் துறையில் நின்றார்,
என்னைப் பார்க்கவா, பாதைக்கா, தெரியாது.
சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்:
ரப்பர் வளையம் போட்ட குச்சிக்கட்டு.
இரண்டு தரம் எண்ணினேன். பத்து.
வேணியரும் இருபத்தொன்று என்றது.
சராசரி இதற்கு அசையாது;
ஆய்வும் முடிந்துவிட்டது;
எழுத எந்தப் படிவமும் இல்லை.
உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.

மற்றப் பை கொஞ்சம் உப்பியிருந்தது.
என்ன என்று நான் கேட்கவில்லை.
அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்,
இரண்டு விரலால்
மூடக்கூடிய அளவுக்கு.