மேட்டுப்பாளையம், பத்து நாற்பது

குன்னூரில் மூன்று மருந்துக்கடை ஏறினேன்.
முதல் கடையில் "ஸ்டாக் இல்லை."
இரண்டாவதில் "டாக்டர் சீட்டு?"
மூன்றாவதில் என் மெட்டியைப் பார்த்துவிட்டு
"வீட்டுக்காரர் வரட்டுமே" என்றார்,
இருமல் மருந்து பாட்டிலைத் துடைத்தபடி.

சில்வியா நர்ஸ். போனில் கத்தினாள்:
"எழுபத்திரண்டு மணி நேரம்னு அட்டையில போட்டிருக்கும்,
அதை நம்பி உட்காராதே.
முதல் நாள் மாத்திரை வேற, மூணாம் நாள் மாத்திரை வேற,
பேருதான் ஒண்ணு.
அஞ்சு நாள் வரைக்கும் தாங்குற இன்னொண்ணு இருக்கு,
இந்த மலையில நான் கண்ணால பார்த்ததில்லை.
எல்லாத்தையும் விட உறுதி காப்பர்-டி.
டாக்டரம்மா வர்றது திங்கட்கிழமை."

என் பிழைப்பே ஒப்பிடுவதுதான்.
நாளுக்கு இருநூறு கிண்ணம் தேநீர்
உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பி,
இது கூனூர்ச் சரக்கு, இது கோத்தகிரி,
இதில் புகை ஏறியிருக்கிறது என்று சொல்வேன்.

இதைத் துப்ப முடியாது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினேன்.
கீழே ஒரு பையன்
எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தான்,
செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் கறுப்புக் கவர்,
ஏதோ நாட்டு வெடி விற்பவன் போல.
ஒரு மாத்திரை.
பஸ் ஸ்டாண்டு குழாயடியில் விழுங்கினேன்.
வியாழன் இரவிலிருந்து முப்பத்தைந்து மணி சொச்சம்.

இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால்
மறுபடி போட வேண்டும்.
மேலே பதினான்கு கொண்டை ஊசி.
பர்லியாறு தாண்டினாலே
சின்ன வயதிலிருந்து எனக்குக் குடல் புரளும்.

ஆகவே உட்கார்ந்தேன்.
ஊட்டி பஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது.
"ஏறலையா?" என்றார் டிரைவர்.
தலை கனத்தது. வாயில் எச்சில் ஊறியது.
தீட்டு ஒரு வாரம் முந்தலாம், பிந்தலாம்,
நடுவில் சொட்டலாம், மார்பு வலிக்கலாம்,
இதெல்லாம் போய்விடும் என்றாள் சில்வியா.
முட்டை முன்பே கிளம்பியிருந்தால்?
அப்போது இந்த மாத்திரை
பஸ் போன பிறகு ஸ்டாண்டுக்கு ஓடிவந்தவள்.

பன்னிரண்டு மணிக்குக் குணசீலன் மெசேஜ்:
"சாப்பிட்டியா?"
எதை என்று கேட்கவில்லை.
அவனுக்கு வந்த பக்கவிளைவு
அந்த ஒரு சொல்தான்.

பன்னிரண்டு நாற்பது.
இன்னும் ஐந்து நிமிஷம் சேர்த்தே இருந்தேன்,
தராசில் கொசுறு போடுவது போல.

ஒன்று இருபதுக்கு, எத்தனையாவது வளைவோ,
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
தாராளமாக எடுத்தேன்.
கணக்கில் சேராத வாந்தி.
காற்றில் யூகலிப்டஸ், என் கன்னமெல்லாம் ஈரம்,
சிரிப்பு வேறு வந்து தொலைத்தது.

தண்ணீர் பாட்டிலை நீட்டிய கண்டக்டர் கேட்டார்,
"மலைக்கு முதல் தடவையா, மேடம்?"