அரைப்பேர்

குப்பியின் மூடியில் எண் மட்டும்: முப்பத்தொன்று.
பிரட்டுக்கு முன்னால், இருட்டில்,
லயத்துக்கு வெளியே நின்று இருமி எடுத்த சளி.

கண்ணாடித் துண்டில் தேய்த்தேன்.
சிவப்புச் சாயம் ஊற்றி
ஆவி எழும்வரை அடியில் தீ காட்டினேன்.
பிறகு அமிலம்.
மற்றதெல்லாம் சிவப்பைக் கைவிட்டது.
கடைசியில் நீலம்.

மஸ்கெலியாவில் அன்று பத்து மணிக்கும் வெளிச்சமில்லை.
எண்ணெய்த் துளி வைத்து லென்ஸை இறக்கினேன்.
நீலத்தின் நடுவே சிவப்பாய்
மெல்லிய குச்சிகள், சற்றே வளைந்தவை,
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் போல
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து.

மெழுகுச் சட்டைக்காரர்கள்.
அமிலத்தில் குளித்தாலும் சாயம் போகாது.
அவசரமும் இல்லை.
சில கிருமிகள் இருபது நிமிடத்தில் இரண்டாகும்;
இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும்.
சிலர் நெஞ்சில் இருபது வருடம் தூங்கும்,
பசியோ சீனிவருத்தமோ வந்து எழுப்பும்வரை.

பார்க்கலாமா என்றாள் முப்பத்தொன்று.
முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்.
தங்கேஸ்வரி, மேற்பிரிவு, ஏழாம் லயம்.
உள்ளே விடக்கூடாது என்பது விதி.
நுணுக்குக்காட்டியை ஓரத்து மேசைக்கு நகர்த்தி
ஜன்னலைத் திறந்தேன். பனி உள்ளே வந்தது.

ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டாள்.
"ஒம்பது," என்றாள் உடனே.
"இந்தா, ஓரத்துல ஒன்னு. பத்து."
நான் ஏழுதான் எண்ணியிருந்தேன்.
நாளெல்லாம் கொழுந்தையும் முற்றலையும்
பிரிக்கிற கண் அது.

"தம்ளரு, தட்டு எல்லாம் தனியா வச்சிட்டேன் தங்கச்சி.
புள்ளைகளுக்கு ஒட்டிரக் கூடாதுனு."

தட்டில் ஏறி வராது இது, என்றேன்.
எலிக்காய்ச்சல் சேற்றில் காத்திருக்கும், காலில் ஒரு புண்ணுக்காக.
டெங்குக்கு நுளம்பு வேண்டும்.
நெருப்புக்காய்ச்சல் பீலித் தண்ணீரோடு இறங்கி வரும்.
இது மூச்சில் போகும்.
இருமினால், பேசினால் வெளியே வந்து
மூடிய அறையில் மணிக்கணக்காய் மிதக்கும்.

அந்த அறை எங்கள் இருவருக்கும் தெரியும்;
நானும் லயத்தில் பிறந்தவள்.
பத்துக்குப் பன்னிரண்டு.
குளிருக்கு அடைத்த ஒரே ஜன்னல்.
நடுச்சுவர் கூரைவரை போகாது;
பக்கத்து வீட்டுச் சண்டை வரும், கருவாட்டு வாசம் வரும்.

"அப்ப தட்டப் பிரிச்சதுக்கு
ஜன்னலத் தொறந்திருக்கலாம்," என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"இதுக்குப் பேரு இருக்கா?"

இருக்கு. ரெண்டு பேர்.
உலகம் முழுக்க அதே ரெண்டு பேர்.

"ரெண்டா!"
சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாற
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"எனக்கு முந்தாநேத்து அரைப்பேருதான் போட்டாங்க.
கிலோ காணாதாம்.
மூச்சு வாங்குதுனு மலையில உக்காந்துட்டேன்."

பதிவேட்டில் சிவப்புப் பேனாவால் இரண்டு பிளஸ் எழுதினேன்.
பக்கத்தில் அவள் பெயர், ஓர் எழுத்தும் குறையாமல்.

ஆறு மாதம், என்றேன்.
சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போகும், மருந்துதான், பயப்படாதீங்க.
இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தினால்
மிஞ்சியது மருந்தைப் பழகிக்கொண்டு திரும்பி வரும்.
பிள்ளைகளையும் கூட்டி வாங்க.

இரண்டு மாதம் கழித்து வந்த குப்பிக்கு எண்பத்தாறு.
நூறு புலம் பார்க்க வேண்டும்.
புலம் என்பது கல்லூரி தந்த சொல்;
எனக்கு அவை மலைகள்.
ஒன்றாம் நம்பர் மலை, இரண்டாம் நம்பர் மலை.
நீலம். நீலம்.
சாயக் கசடு ஒன்று, நெஞ்சு ஒருமுறை நின்றது.
நீலம்.
நூறாம் நம்பர் மலைவரை ஏறி இறங்கினேன்.
சிவப்பில்லை.

அன்று பனி விலகியது என்று எழுத ஆசை.
விலகவில்லை.
வெளியே வாங்கில் தங்கேஸ்வரி,
மடியில் சாய்ந்தபடி இளையவன்.
அவன் இருமினான்.
புதுக் குப்பி ஒன்றின் மூடியில் எண்ணை எழுதி
எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.