ஐந்தரைக் கிலோமீற்றர்

யோகபுரம் சந்தியில் சப்பாத்து நாடா இறுக்கும்போது
இன்னும் விடியவில்லை.
முதல் வளைவில் இரண்டு நாய்கள்.
கறுவல் குரைப்பான்.
செம்மண் நிறத்தவள் கூடவே ஓடி வருவாள்
மதகு வரைக்கும்.
அதற்கங்கால் வேறு நாய்களின் ஊர்.

முழங்காலுக்குத் தாரைவிடக் கிரவல் நல்லது,
மாரியில் மட்டும் வேண்டாம்.
வெட்டுக் காலத்தில் பாதி றோட்டில் நெல் காயும்,
மற்றப் பாதியில் நான்.

மண்டையோட்டுப் பலகை நின்ற காணியில் இப்போது கச்சான்.
ஆனாலும் அந்த ஓரத்தில்
என் கால் தானாக நடுறோட்டுக்கு வந்துவிடுகிறது.

யானை இலத்தியில் ஆவி பறந்தால்
அன்றைக்கு அவ்வளவுதான், திரும்பிவிட வேண்டும்.

பால் எடுக்கப் போகும் யோகநாயகம் அண்ணை
வெறுங்கான்கள் கிலுங்கக் கிலுங்க
பக்கத்தில் வந்து மோட்டார்சைக்கிளை மெதுவாக்குவார்:
"ஏறுங்கோ பிள்ளை, எங்க போகோணும்?"
ஓரிடமும் இல்லை அண்ணை.
மூன்று மாதமாக இதே கேள்வி, இதே பதில்.
நேற்று மட்டும் கொஞ்சத்தூரம் பேசாமல் வந்து,
"பின்னால ஒருத்தரும் வரேல்லத்தானே?" என்றார்.
திரும்பிப் பார்த்தேன்.
நாய்கூட இல்லை.

குளக்கட்டில் ஏறினால் எதிர்க்காற்று.
இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் வயல்.
நீர்க்காகம் செட்டை விரித்துக் காய்கிற பட்டமரம்தான்
என் எல்லை.
தொட முடியாது, தண்ணீருக்குள் நிற்கிறது.
கையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன்.

நிறைந்த கான்கள் கிலுங்குவதில்லை.
அவர் கடந்து போனது
கோர்ன் ஒருதரம் அடித்தபோதுதான் தெரிந்தது.
இன்றைக்கு ஏறச் சொல்லவில்லை.

எட்டரைக்கு வங்கி திறக்கவேண்டும்.
மதகடியில்
செம்மண் நிறத்தவள் எழும்பிச் சோம்பல் முறிக்கிறாள்.